மொலோக்காய்த் தீவில் ஒரு பாதிரியார்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தன்மைப் பன்மையைப் போதிக்கும்பொழுது நாம் ஆண்டுதோறும் தவறாமல் ஒரு விஷயத்தைச் சுட்டிக் காட்டுவது வழக்கம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் முடிந்துபோகிற காரியத்துக்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கிறான். 'நாம்' என்றால் அவனும் உள்ளே வந்துவிடுகிறான். இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர் இலக்கண நூலார். பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். பத்திரிகையில் எழுதுகிற எம்போன்றவர்களும் 'நாம்' என்று போட்டுக்கொள்கிறோம். அது பெரும்பாலும் சம்பிரதாயந்தான்.

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளின் பாஷையிலும் இதே வேற்றுமை இருக்கிறது. 'நாங்கள்' என்பதற்கு அவர்கள் 'மாகௌ' என்றும், 'நாம்' என்பதற்குக் 'காகௌ' என்றும் கூறுவார்கள். அந்தப் பாஷையைக் கற்று, அதிலே பிரசங்கம் செய்து, கேட்டிருந்தவர்களோடு தம்மையும் சேர்த்தே பேசிய ஒரு பெல்ஜிய தேசத்துப் பாதிரியாரின் வரலாற்றை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் தமியான். கேட்டிருந்தவர்கள் குஷ்டரோகிகள்.

குடும்பத்தைப் பிரிக்கும் நோய்

அந்தக் காலத்தில் ஹவாய் ஒரு சுதந்திர இராஜ்யம். 1898ஆம் ஆண்டில்தான் அமெரிக்க ஐக்கிய நாடு அதனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1778இல் காப்டன் குக்கின் கப்பல்கள் அங்கே போய்ச் சேர்ந்த நாள் முதலாக, வெளியாருடன் கூடவே அத்தீவினர் கண்டும் கேட்டும் இராத வியாதிகள் பலவும் கரையேறின. வைசூரியும், தட்டம்மையும், விஷ ஜுரங்களும் ஊர் ஊராக ஜனங்களை வாரிக்கொண்டு போயின. 1872ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, எல்லாத் தீவுகளையும் சேர்த்து ஜனத்தொகை 57,000க்கும் குறைவு. பெரிய தாலுகா ஒன்றின் ஜனத்தொகைகூட ஓர் இராஜ்யத்துக்கு இல்லை.

இந்த நிலைமையில் குஷ்டரோகமும் வந்தது. நம் முன்னோர் பெருவியாதி என்று அஞ்சி அழைத்ததும், இப்பொழுது தொழுநோய் என வழங்குவதும் இதுவே. தோலும் நரம்பும் இதற்கு இரையாகும். உணர்ச்சி மரத்துப்போகும், மரத்த விரலில் நெருப்புப் பட்டாலும் தெரியாது, தெரியாத புண் ஆறாது, இப்படியே விரல்கள் குறைந்துபோகும். ஹவாய் ஜனங்கள் இதற்கு இட்ட பெயர்களில் ஒன்றுக்குக் 'குடும்பத்தைப் பிரிக்கும் நோய்' என்று பொருள். நோய் அல்ல, நோயைப் பற்றிய சட்டமே அவ்வாறு பிரித்தது என்பதை அந்தப் பெயரிலிருந்தே ஊகிக்கலாம்.

ஐந்தாம் கமேஹமேஹா அரசரின் காலத்தில், 1865 ஜனவரியில் அந்தச் சட்டம் பிறந்தது. குஷ்டம் கண்டவர்களைப் பிடித்துத் தனி இடத்தில் வைக்க அதிகாரிகளுக்கு அதனால் அதிகாரம் உண்டாயிற்று. அதற்காகத் தேர்ந்த இடம் மொலோக்காய்த் தீவின் வடகரையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தட்டையான நிலம். மூன்று பக்கமும் அலை மோதும் சமுத்திரம்; நான்காவது பக்கத்தில் 2,000 அடிக்கும் மேல் செங்குத்தாக எழும் மலைச் சுவர். இயற்கையே கட்டிய சிறைச்சாலை என்று சொல்லலாம். 1866 ஜனவரி 6ஆம் தேதி முதன்முதலாகப் பன்னிரண்டு பேர் அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டனர். பின்னர் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலத்தில் சுமார் 8,000 பேர் அவ்வழியே சென்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை.

சட்டம் செய்தவர்கள் கொடியவர்கள் என்று நாம் கூறத் துணியோம். ஜனங்கள் அழிந்துகொண்டிருக்கக் கண்டவர்கள் ஏதேனும் செய்தாக வேண்டும் என்று நினைத்தார்கள். நிலமும் விதையும் கால்நடையும் கொடுத்துவிட்டால் நோயாளிகள் தாங்களே பயிரிட்டுப் பிழைத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டார்கள். விரல் இல்லாதவன் எப்படி மண்வெட்டி பிடிப்பான் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. கலவாவோ என்ற அந்தக் குடியேற்றத்தில் நிலையாகத் தங்கும் வைத்தியர் இல்லை. நல்ல வீடு இல்லை. குடிதண்ணீரைத் தூரத்திலிருந்து சுமந்து வரவேண்டும். நடக்க முடியாதவன் தாகத்தோடு கிடக்கவேண்டியதுதான்.

ஆனால் அங்கே அன்பே இல்லாதிருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தமியான் பாதிரியாரின் புகழைப் பாடுகிறவர்கள் பலர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நோய் கண்ட கணவனோடு மனைவியும், பிள்ளையோடு தாயும் தாங்களாகவே அங்கே போவதுண்டு. இவர்களைக் 'கோகுவா' என்பார்கள். துணை என்பது அதன் பொருள். நாபேலா என்னும் ஹவாய்ப் பிரமுகர், மார்மன் மதத்தைச் சேர்ந்தவர், தம் மனைவிக்கு நோய் கண்டபொழுது 1873இல் அவளுடன் கலவாவோவுக்குச் சென்றார். அவருக்கு அப்பொழுது நோய் இல்லை. சில ஆண்டுகளில் அவருக்கும் தொற்றியது. 1879இல் அதனாலேயே இறந்தார். தமியானும் அவரும் வெவ்வேறு மதத்தினராயினும் நண்பர்களாக இருந்தனர். பாதிரியார் செய்ததைப் பெயர் தெரியாத அநேக ஸ்திரீகளும் புருஷர்களும் அவருக்கு முன்னரே செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படிக்கவேண்டும்.

தமையனுக்குப் பதிலாக

பெல்ஜியத்தில் லூவென் நகரத்துக்கு அருகே த்ரெமெலோ என்பது ஒரு சிற்றூர். அங்கே 1840 ஜனவரி 3ஆம் தேதி, பயிர்த்தொழிலும் தானிய வியாபாரமும் செய்து வந்த ஒரு குடும்பத்தில் ஏழாவது குழந்தையாக யோசேப்பு பிறந்தார். தகப்பனார் அவரை வியாபாரத்தில் பழக்க எண்ணியிருந்தார். பிள்ளையோ 1859இல் தம் தமையனார் பாம்பீல் இருந்த சந்நியாச சபையிலேயே சேர்ந்துவிட்டார். லத்தீன் தெரியாத காரணத்தால் குருப்பட்டத்துக்கு லாயக்கில்லை என்று முதலில் ஒதுக்கினார்கள். தமையனாரிடமே லத்தீனைக் கற்றுக்கொண்டு அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார். சபையில் அவர் ஏற்றுக்கொண்ட பெயர் தமியான். பழங்காலத்தில் கூலி வாங்காமல் வைத்தியம் செய்த ஓர் அர்ச்சியசிஷ்டவரின் பெயர் அது.

ஹவாய்த் தீவுகளுக்குப் போகவேண்டியவர் உண்மையில் தமையனார்தாம். புறப்படும் சமயத்தில் அவருக்கு விஷ ஜுரம் கண்டுவிட்டது. இளையவர், தம் உள்ளூர் மேலதிகாரிகளை ஒரு வார்த்தை கேளாமல், பாரிஸ் நகரத்திலிருந்த சபைத் தலைவருக்கே நேராகக் கடிதம் எழுதி, அந்த இடத்தைத் தமக்குத் தரும்படி வேண்டினார். அநுமதியும் வந்தது. மேலதிகாரிகளைத் தாண்டிக் கடிதம் எழுதும் இந்தப் பழக்கம் அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை.

ஏறக்குறைய ஐந்து மாதக் கப்பல் பிரயாணத்துக்குப் பின் 1864 மார்ச் 19ஆம் தேதி ஹொனலுலுத் துறைமுகத்தை அடைந்தார். இரண்டு மாதத்தில் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய் என்ற பெரிய தீவில் எரிமலைச் சரிவுகளில் ஏறி இறங்கி ஊழியம் செய்தார். தச்சு வேலை அவருக்கு நன்றாக வரும். கோயில்களைத் தம் கையாலேயே கட்டினார். அவருடைய மக்களில் சிலரை அதிகாரிகள் குஷ்டம் என்று பிடித்துக்கொண்டு போனதையும் அந்த ஆண்டுகளில் கண்டார். ஹவாய் நாவுக்குத் 'த' என்ற எழுத்துக் கைவராததால், ஜனங்கள் அவரைக் 'கமியானோ' என்று அழைத்தனர்.

1873ஆம் ஆண்டு மே மாதம் மாவுயித் தீவில் ஒரு கோயில் பிரதிஷ்டைக்காகக் குருமார் கூடியிருந்தபொழுது, மேற்றிராணியாராகிய மேக்ரே மொலோக்காய் நோயாளிகளைப் பற்றிப் பேச்செடுத்தார். யாரையும் அங்கே நிரந்தரமாகப் போ என்று ஆணையிட அவருக்கு மனம் வரவில்லை. நான்கு குருமார் முன்வந்தனர். முறை வைத்து ஆளுக்குச் சில வாரங்கள் போய் வருவதென்று ஏற்பாடாயிற்று. முதல் முறை தமியானுடையது. மே 10ஆம் தேதி, நோயாளிகளை ஏற்றிச் சென்ற கப்பலிலேயே மேற்றிராணியாருடன் போய் இறங்கினார். வயது முப்பத்து மூன்று. அடுத்த முறைக்காரர் ஒருபொழுதும் போகும்படி நேரவில்லை.

தாழை மரத்தின் அடியில்

இறங்கிய அன்று தங்குவதற்கு அவருக்கு வீடு இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தாழை மரம் இருந்தது. நம் கடற்கரைத் தாழையின் இனந்தான். அந்தத் தீவுகளில் விழுதூன்றி நல்ல மரமாகவே ஓங்கி வளரும். அதன் அடியில் படுத்துக்கொண்டார். சில வாரம் அதுவே அவருக்கு வீடு.

வெளியிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே ஒரு விதி சொல்லி அனுப்பப்படும்: தொடாதே. நோயாளி கொடுத்ததை உண்ணாதே, அவர்களுடைய வீட்டுக்குள் போகாதே, அவர்கள் இருந்த இடத்தில் இராதே. எப்பொழுதாவது வந்து பார்த்த வைத்தியர் ஒருவர் புண்ணின் மேலிருந்த துணியைக் கைத்தடியின் நுனியால் தூக்கிப் பார்ப்பாராம். தமியானுக்கும் மேற்றிராணியார் இதே எச்சரிக்கையைத்தான் செய்தார். பாதிரியாரும் முதல் நாட்களில் இதைக் கைக்கொள்ள முயன்றார் என்று தெரிகிறது.

இந்த விதியைக் கைக்கொண்டு ஹவாய்க்காரரோடு பழகுவது எவ்வளவு அசாத்தியம் என்பதைச் சிறிது விளக்கவேண்டும். அவர்களுடைய பிரதான ஆகாரம் 'போய்' என்பது. சேப்பங்கிழங்கை வேகவைத்து, இடித்து, நீர் விட்டுப் பிசைந்த ஒருவிதக் கூழ். குடும்பத்தார் யாவரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து விரலால் எடுத்து உண்பார்கள். விருந்தாளி வந்தால் அவனுக்கும் அதே பாத்திரந்தான். 'எனக்குத் தனியாக வை' என்று சொல்லுகிறவன் அவ்வீட்டில் உண்ண மறுத்தவனே ஆவான். நம் தேசத்தில் தனிக் குவளையும் தனி இலையும் போடுவதன் பொருளை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை. தமியான் பாத்திரத்தில் கையிட்டார். புண் கட்டினார். சாகிறவர்களின் நெற்றியில் தைலம் பூசினார். தம் புகைக்குழாயை அவர்கள் கேட்டால் கொடுத்தார், திருப்பி வாங்கித் தாமும் புகைத்தார்.

அருவருப்பே அவருக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். அடைத்த அறையில் பாவசங்கீர்த்தனம் கேட்கும்பொழுது நாற்றம் தாங்காமல் வெளியே ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியதை அவரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். அந்த நாற்றத்தை மறைக்கவே புகை பிடிக்கத் தொடங்கினார். அருவருப்பு இல்லாதவன் செய்தால் அதில் என்ன இருக்கிறது? இருந்தும் உள்ளே திரும்பிப் போனாரே, அதுதான் காரியம்.

அவர் செய்த வேலைகளில் பெரும்பாலானவை பிரசங்கத்தைவிடத் தச்சுப்பட்டறையைச் சேர்ந்தவை. பள்ளத்தாக்கில் வற்றாத நீர் இருப்பதைக் கண்டுபிடித்து, ராஜாங்கத்தாரை நச்சரித்துக் குழாய்களை வரவழைத்து, நோயாளிகளும் தாமுமாக அவற்றைப் பதித்துக் குடியிருப்புக்கே தண்ணீரைக் கொண்டுவந்தார். புயலில் குடிசைகள் விழுந்தபின் மரச் சட்டமிட்ட வீடுகளை எழுப்பினார். அதுவரை பிரேதங்களைப் பாயிலும் போர்வையிலும் சுற்றிப் புதைத்து வந்தார்கள். ஆழமாகத் தோண்ட வலுவில்லாமையால் பன்றிகள் கிளறிவிடும். தமியான் இடுகாட்டுக்கு வேலியிட்டு, ஒவ்வொருவருக்கும் பெட்டி செய்யத் தொடங்கினார். தம் கையாலேயே அறுத்து, இழைத்து, ஆணி அடித்துச் செய்த பெட்டிகள் நூற்றுக்கணக்கானவை. குழியும் பல சமயங்களில் அவரே வெட்டினார். தாயும் தகப்பனும் இல்லாத குழந்தைகளுக்குத் தம் வீட்டின் பக்கத்திலேயே விடுதிகள் கட்டி வைத்துக்கொண்டார். வாத்திய கோஷ்டி ஒன்றும் பாடகர் குழு ஒன்றும் ஏற்படுத்தினார். ஆர்கன் வாசிக்க இரண்டு பேர் சேர்ந்து உட்காருவார்களாம். இருவருக்கும் சேர்த்தே பத்து விரல்.

நமக்கு மறக்க முடியாமல் இருப்பது வேறொரு சிறு சங்கதி. நோய் முற்றியவர்களுக்கு உமிழ்நீர் நிற்காது. கோயிலுக்கு வந்தால் அடிக்கடி எழுந்து வெளியே போய்த் துப்பவேண்டும். வெட்கத்தால் பலர் வருவதையே நிறுத்திக்கொண்டனர். பாதிரியார் இதைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. வாளை எடுத்துக்கொண்டு போய், பிலோமினம்மாள் கோயிலின் மரத் தளத்தில், அவர்கள் உட்காரும் இடங்களுக்கு அருகே துவாரங்கள் அறுத்தார். இலையைக் குழல்போல் சுருட்டி அதில் பொருத்தித் துப்பிக்கொண்டு, மற்றவர்களைப்போலவே பூசை முடியும்வரையில் அவர்களும் இருந்தார்கள். அந்தத் துவாரங்களைப் பின்னாளில் யாத்திரிகர்களுக்குக் காட்டுவதுண்டு.

அவர் அங்கே தங்குவதென்று முடிவு செய்தவுடன் சட்டம் அவரையும் பிடித்துக்கொண்டது. நோயாளிகளிடையே இருப்பவர் வெளியே வந்து போகக் கூடாது என்று சுகாதார சபையார் உத்தரவிட்டனர். சில காலம் கழித்தே தளர்த்தினர். அந்த இடைக்காலத்தில் சபைத் தலைவர் ஒருவர் கப்பலில் வந்தார். அவரைக் கரையில் இறங்கவும், தமியானைக் கப்பலில் ஏறவும் காப்டன் விடவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் பல மாதம் இருந்த தமியான், படகிலே நின்றவாறு, மேல்தட்டில் நின்ற குருவிடம் தம் பாவங்களைப் பிரெஞ்சு பாஷையில் உரக்கக் கூவிச் சொன்னார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். இந்தக் காட்சியில் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது.

நாம்

இனி நாம் ஆரம்பித்த இடத்துக்கு வருவோம். தமியானின் கதையைச் சொல்லும் பலர், 1885இல் தமக்கும் நோய் வந்துவிட்டது என்று தெரிந்தபின்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் 'சகோதரர்களே' என்று தொடங்காமல் 'குஷ்டரோகிகளாகிய நாம்' என்று தொடங்கினார் என்று எழுதுவார்கள். கேட்பதற்கு உருக்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதைவிடப் பெரிது. 1873 நவம்பரில், அதாவது வந்து ஆறு மாதமே ஆனபொழுது, தமையனாருக்கு எழுதிய கடிதத்தில், தாம் நோயாளிகளோடு நோயாளியாகிவிட்டதையும், பிரசங்கத்தில் 'குஷ்டரோகிகளாகிய நாம்' என்றே சொல்லுவதையும் குறிப்பிடுகிறார். அப்பொழுது அவர் தேகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. உடம்பு அந்தச் சொல்லை எட்டிப் பிடிக்க இன்னும் பதினோரு ஆண்டு வேண்டியிருந்தது.

ஹவாய்ப் பாஷையில் அவர் எந்தச் சொல்லைப் போட்டிருக்கக் கூடும் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எதிரே இருப்பவர்களையும் சேர்த்துச் சொல்ல ஒரே சொல்தான் உண்டு. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசுகிறவன் இந்த இடத்தில் சிறிது மழுப்பலாம். ஹவாயிலும் தமிழிலும் மழுப்ப இடமில்லை.

1884 டிசம்பரில் ஒரு நாள், களைத்துப் போய்ப் பாதத்தை வெந்நீரில் வைத்தார். தோல் வெந்து கொப்புளமாயிற்று. சுடவில்லை. பார்த்தவுடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. பதினோரு ஆண்டுகளாகப் பிறர் உடம்பில் அவர் கண்டு பழகிய அடையாளமன்றோ? ஆர்னிங் என்ற ஜெர்மானிய வைத்தியரும் பரிசோதித்து உறுதி செய்தார். இந்த நோயின் கிருமி உடம்பில் புகுந்து பல ஆண்டுகள் ஓசையின்றி இருக்கக் கூடியது. ஆகவே எந்தப் பாத்திரத்திலிருந்து, யாருடைய மூச்சிலிருந்து வந்தது என்று எவராலும் கூற இயலாது.

பின்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தார். வேலையைக் குறைத்துக்கொள்ளவில்லை, அதிகமாக்கினார். நாட்டின் வெளியே அவர் பெயர் பரவிற்று. லண்டனில் ஆங்கிலிக்கன் சபைப் போதகர் ஒருவர் பணம் திரட்டி அனுப்பினார். இதனால் ஹொனலுலுவிலிருந்த அவருடைய மேலதிகாரிகளுக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. தற்பெருமைக்காரர், சொன்னதைக் கேளாதவர், எப்பொழுதும் மரமும் துணியும் பணமும் கேட்டு உயிரை வாங்குகிறவர் என்றெல்லாம் அவரைப் பற்றி அவர்கள் எழுதினார்கள். அவர் முன்கோபியென்பதும், பிடிவாதக்காரரென்பதும், வந்து உதவிய மற்றக் குருமாரோடு ஒத்துப்போக மாட்டாதவரென்பதும் மெய்யே. சுத்தத்தில் அவ்வளவாகக் கவனம் செலுத்தினவரும் அல்லர்.

1889 ஏப்ரல் 15ஆம் தேதி காலமானார். வயது நாற்பத்தொன்பது. முதல் இரவு படுத்துக்கொண்ட அதே தாழை மரத்தின் அடியில் அடக்கம் செய்தனர்.

அடுத்த மாதம் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் என்ற பிரசித்த ஆசிரியர், 'புதையல் தீவு' என்னும் நவீனத்தை எழுதியவர், அந்தக் குடியேற்றத்துக்குச் சென்று சில நாள் தங்கினார். பின்னர், ஹொனலுலுவில் வசித்த ஹைட் என்னும் பிராடெஸ்டண்டுப் பாதிரியார் இறந்தவரை இழிவாகப் பேசி எழுதிய கடிதம் ஒன்று பத்திரிகையில் வெளிவரக் கண்டு, 1890இல் அவருக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதி அச்சிட்டார். கத்தோலிக்கர் அல்லாத ஸ்டீவன்ஸன், தமியானின் குறைகளை மறுக்கவில்லை. ஆம், முரட்டுத்தனம் உண்டு, அழுக்கு உண்டு, பிடிவாதம் உண்டு என்று ஒப்புக்கொண்டே வந்து, நீர் உமது செளகரியமான வீட்டில் உட்கார்ந்திருக்கையில் அவர் போனார் என்ற ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். மாசு மறுவற்ற சித்திரப் பதுமையாக அர்ச்சியசிஷ்டவர்களை எழுதுகிறவர்களைவிட, இந்த வகைச் சாட்சியே நமக்கு அதிகம் பிடித்தது.

கிருமியும் மருந்தும்

தமியான் தாழை மரத்தடியில் படுத்த 1873ஆம் ஆண்டிலேயே, நார்வே தேசத்தில் ஹான்ஸன் என்ற வைத்தியர், இந்த நோய்க்குக் காரணமான கிருமியைப் பூதக்கண்ணாடியில் கண்டார். பரம்பரைச் சாபம் என்றும் பூர்வ பாவம் என்றும் நினைத்து வந்தது ஒரு கிருமியின் வேலை என்று தெரிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு என்பதும் பின்னர் தெரியவந்தது. தமியான் துரதிருஷ்டவசமாக எஞ்சிய சிலரில் ஒருவர். மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரீ 1888 நவம்பரில் அங்கே வந்து, அவருடைய இறுதி மாதங்களில் அவருக்குத் துணை நின்று, முப்பது ஆண்டுகள் நோயாளிகளிடையே வாழ்ந்து 1918இல் இறந்தார். அவருக்கு நோய் தொற்றவில்லை. கை கழுவுவதில் அவர் மிகக் கண்டிப்பானவர். தொடுவதற்கும் கழுவுவதற்கும் விரோதமில்லை என்பதை அந்த அம்மாள் நன்கறிந்திருந்தார். 2012இல் அவருக்கும் அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுக்கப்பட்டது.

மருந்தின் கதையில் நம் பக்கத்துக்கும் சிறிது பங்கு உண்டு. 1888 டிசம்பரில் எட்வர்டு கிளிப்போர்டு என்ற ஆங்கிலச் சித்திரக்காரர் தமியானைப் பார்க்க வந்தபொழுது, அந்தமான் தீவுகளில் வளரும் கர்ஜன் மரத்தின் எண்ணெயைக் கொண்டுவந்தார். அந்தமான் சிறைக்கைதிகளில் குஷ்டம் கண்டவர்களுக்கு அதை முன்னரே பிரயோகித்துப் பார்த்திருந்தனர். பாதிரியாருக்குச் சில நாள் சற்றே சுகமாயிருந்தது. அதற்குமேல் அந்த எண்ணெய்க்குச் சக்தி இல்லை. நம் சித்த வைத்தியர்களின் நீரடிமுத்துக்கு இனமான சால்மூக்ரா எண்ணெயை ஊசி மூலம் ஏற்றும் விதத்தை, ஹவாய்க் கலாசாலையில் ரசாயனம் போதித்த ஆலிஸ் பால் என்ற நீக்ரோ இனப் பெண்மணி கண்டுபிடித்தார். அவர் 1916இல் இருபத்து நான்கு வயதிலேயே மறைந்தார். பிறகு 1941இல் அமெரிக்காவில் 'ஸல்போன்' வகை மருந்துகள் வந்தன. சில ஆண்டுகளில் மொலோக்காய்க்கும் எட்டின. 1981இல் உலக சுகாதார ஸ்தாபனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைச் சிபாரிசு செய்தது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ ஒழுங்காக உட்கொண்டால் நோய் தீர்ந்துவிடும். விரல் குறைவதற்கு முன்னே மருந்து சேரவேண்டும், அவ்வளவுதான். தொடுவதற்கு அஞ்சுகிறவர்களுக்குப் பயந்து நோயாளி தன் தேமலை மறைத்தால் அது சேராது.

ஹவாயில் தனித்து வைக்கும் சட்டம் 1969இல்தான் நீங்கியது. மருந்து வந்து இருபது ஆண்டுக்கு மேல் கழிந்த பின். கதவு திறந்த பிறகும் பலர் வெளியே போகவில்லை. குடும்பம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அந்த இடத்தைத் தவிர வேறு இருக்கவில்லை. அதே ஆண்டில், ஹவாயின் பிரதிநிதியாக வாஷிங்டன் நகரத்துச் சட்டசபை மாளிகையில் வைக்கத் தமியானின் உருவத்தையே அனுப்பினார்கள். அந்தச் சிலையின் முகம் நோயால் சிதைந்த முகம்.

அவருடைய தேகத்தை 1936இல் பெல்ஜியத்தார் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் அரசரே வந்து எதிர்கொண்டார். லூவென் நகரத்தில் சமாதி அமைத்தனர். மொலோக்காயில் இருந்த நோயாளிகளுக்கோ அது பெரும் துக்கம். தங்கள் கமியானோவைத் தங்களிடமிருந்து பிரித்துவிட்டார்களே என்று வருந்தினர். அவர்களுக்குப் பிரிவு புதிதல்ல. 1995இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டத்தை வழங்கியபொழுது, ஹவாய் ஜனங்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, அவருடைய உடலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். எந்தப் பகுதியைக் கொடுப்பது? வலது கையைக் கொடுத்தார்கள்.

2009 அக்டோபர் 11ஆம் தேதி ரோமாபுரியில் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளிக்கப்பட்டபொழுது, மொலோக்காயிலிருந்து முதிய நோயாளிகள் சிலரும் கடல் கடந்து போயிருந்தனர். போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்டு பட்டத்தை வாசித்தார். உடல் லூவெனில் இருக்கிறது. கலவாவோவில், தளத்தில் துவாரம் அறுத்த அந்தக் கோயிலுக்கு அருகே, பழைய குழியில் வலது கை இருக்கிறது.